மேல் ஆள் இல்லாத பத்து நிமிஷம்

ஆடி மாசம், காலை ஒன்பது மணி. அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் ஓர் ஐந்து மாடி ஃபிளாட்டின் மொட்டை மாடி. ஸ்ரீரங்கத்தில் அந்த மாசம், அந்த உயரத்தில் நின்றவர்களுக்குத்தான் அந்தக் காற்று தெரியும். வாயைத் திறந்தால் பேச்சை உள்ளேயே தள்ளிவிடும்.

மாடியில் தண்ணீர்த் தொட்டி, துருப்பிடித்த டிஷ் ஆன்டெனாக்கள், மூங்கில் கழியில் உலர்கிற ஓர் ஒன்பது கஜம் புடவை, அப்புறம் நான். என் உள்ளங்கைக்குக் கீழே ஒரு கயிறு. அதன் அந்த முனையில் பலகையில் உட்கார்ந்து கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான் சகாயம். என் தங்கை ஸ்டெல்லாவின் புருஷன்.

சில வருஷங்கள் ஆகிவிட்டன. போன மாசம்வரை இதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. இந்தத் தொடரில் என்னென்னவோ எழுதிவிட்டேன். மாடியில் குளவி கொட்டியது, கண்ணாடிக்கு உள்ளே இருந்த டாக்டர் எனக்குப் பயந்து கத்தியது எல்லாம் எழுதியாயிற்று. இதை மட்டும் ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன். இனிமேல் தள்ள இடமில்லை.

உள்ளங்கை வேலை

எங்கள் தொழிலில் ஒரு கயிற்றுக்கு இரண்டு ஆள். ஒருவர் இறங்குவார். இன்னொருவர் மேல் ஆள். கயிற்றைத் தொட்டித் தூணிலோ பீமிலோ கட்டி, மாடியின் கைப்பிடிச் சுவருக்கு மேலே கொண்டுபோய், வெளியே தொங்கவிடுவோம். சுவர் விளிம்பில் கயிறு உராயாமல் இருக்க மடித்த சாக்கு ஒன்றைக் கீழே வைப்போம். பலகையோடு ஓர் இரும்புப் பிடி இருக்கும். அதைத் தளர்த்தினால் பலகை இறங்கும், விட்டால் நிற்கும்.

மேல் ஆளுக்கு வேலை என்ன என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது. சும்மா நிற்கிற மாதிரிதான் இருக்கும். ஒரு கடை முதலாளி என்னைக் காட்டி, "இவருக்கும் சேர்த்தா சம்பளம்?" என்றுகூடக் கேட்டிருக்கிறார்.

சும்மா நிற்பதுதான் வேலை. கயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். கீழே இருப்பவன் இடது பக்கம் எட்டினால் தெரியும். பக்கெட்டில் கை விட்டால் தெரியும். பயந்தால்கூடத் தெரியும், கயிறு சின்னதாக நடுங்கும். மூத்திரம் வந்தால் அடக்க வேண்டும். போன் வந்தால் அடிக்கட்டும் என்று விட வேண்டும். சாக்கு நகர்ந்தால் சரி செய்ய வேண்டும். மேல் ஆள் கயிற்றை விட்டுப் போகக் கூடாது. இந்தத் தொழிலில் எழுதி வைத்த சட்டம் எதுவும் கிடையாது. இந்த ஒன்று மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

சின்னக் கட்டடம்

நான் முதலில் வெள்ளையடிக்கிற ஆள். பாலக்கரையில் எங்கள் தெருவில் பாதிப் பேர் சாரத்தில் ஏறியவர்கள்தான். ஊரில் கண்ணாடி வைத்த கட்டடங்கள் வர ஆரம்பித்ததும் சுண்ணாம்பை விட்டுச் சோப்புத் தண்ணீருக்கு மாறினேன். தில்லைநகரில் ஆஸ்பத்திரி, கன்டோன்மென்ட்டில் ஓட்டல், அப்புறம் துணிக்கடைகள். அண்ணாந்து பார்க்கிற இடமெல்லாம் கண்ணாடி. யாரோ கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். தூசி எங்கள் பங்குக்கு வருகிறது.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கண்ணாடிக்கு எதிரே தொங்கிப் பார்க்க வேண்டும். முதுகில் ஒரு வெயில், முகத்தில் ஒரு வெயில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏசியில் ஒருவர் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருப்பார். நம்மைப் பார்த்ததும் திரையை இழுத்து விடுவார். முதல் சில வருஷம் கோபம் வந்தது. அப்புறம் கோபப்படவும் அலுப்பாகிவிட்டது.

வாசகர்கள் பலர் கேட்கிறார்கள், உயரம் என்றால் பயமாக இருக்காதா என்று. உயரத்தில் பயம் இருக்கிறது, அதனால்தான் பிழைத்துக் கிடக்கிறோம். ஆபத்து சின்னக் கட்டடத்தில்தான்.

எங்களோடு மருங்காபுரிக்காரர் ஒருவர் இருந்தார், ராசு என்று பெயர். மழை இல்லாமல் கடலைக்காடு காய்ந்துபோய், இந்த வேலைக்கு வந்தவர். பத்தாவது மாடி என்றால் இரண்டு கயிறு கட்டுவார், இரண்டையும் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார், சாமி கும்பிடுவார், அதற்கப்புறம்தான் காலை வெளியே போடுவார். நாங்கள் கிண்டல் செய்வோம். அந்த மனுஷன் ஒரு போட்டோ ஸ்டுடியோவின் முதல் மாடிக் கண்ணாடியைத் துடைக்க ஏணியில் ஏறி விழுந்தார். இடுப்பு எலும்பு போயிற்று. இப்போது ஊரில் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். கடைக்குப் போனால், "ஏணிதானேன்னு ஏறுனேன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்வார்.

அவரைப் பார்த்தும் எங்களுக்குப் புத்தி வரவில்லை. ஸ்ரீரங்கத்து ஃபிளாட் ஐந்தே மாடி. மாடிப்படிக்கு நேரே மேலிருந்து கீழ்வரை ஒரு வரிசை கண்ணாடி, அவ்வளவுதான். ஆடிப்பெருக்குக்குச் சொந்தக்காரர்கள் வருவார்கள், அதற்குள் பளபளவென்று ஆக்க வேண்டும் என்று செக்ரட்டரி சொல்லியிருந்தார். அரை நாள் வேலை. ஓர் உயிருக்கு இரண்டு கயிறு கட்ட வேண்டும். இரண்டாவது கயிற்றை வண்டியில் பையோடு விட்டுவிட்டு ஏறினோம். சகாயம்தான் சொன்னான், "அஞ்சு மாடிதானே மச்சான்." நானும் தலையாட்டினேன்.

"அந்தண்ட நில்லுங்கோ"

சகாயம் இறங்கிக் கால் மணி நேரம் இருக்கும். மாடிக் கதவைத் திறந்துகொண்டு ஒரு மாமி வந்தார். வேதவல்லி மாமி. ஐந்தாவது மாடியில் இருப்பவர், பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு நீளக் கழி. மூங்கிலில் உலர்த்தியிருந்த புடவையைச் சுற்றி ஒரு தடவை வந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் அந்தண்ட நில்லுங்கோ. மடி உலர்த்தியிருக்கேன். நாளைக்கு எங்காத்துல ஸ்ராத்தம். காத்துல பறந்து உங்க மேல பட்டுதுன்னா திரும்ப நனைக்கணும்."

குரலில் கடுமை இல்லை. பஸ்ஸில் ஜன்னலைக் கொஞ்சம் மூடுங்கள் என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

எனக்குத்தான் சுருக்கென்றது. தள்ளி நில் என்கிற வார்த்தையை என் அப்பா எத்தனை வாசலில் கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டு தள்ளி நின்றதையும் பார்த்திருக்கிறேன். ஐம்பது வயசில், மொட்டை மாடியில், வேலை செய்கிற இடத்தில் அது எனக்கும் வந்ததும் காதெல்லாம் சூடாகிவிட்டது.

மடி என்றால் மாமி தன் புருஷனையும், பெங்களூரிலிருந்து வந்த பிள்ளையையும்கூட அப்படித்தான் தள்ளி நிற்கச் சொல்வார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. தெரிந்ததால் மனசில் பட்டது படாமல் போய்விடாது. ஆனால் அன்றைக்கு நான் செய்ததற்கு அது சாக்கும் ஆகாது.

சரிங்க, நான் கயித்தைப் பிடிச்சிட்டிருக்கேன், நகர முடியாதுங்க என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மாமி புரிந்துகொண்டிருப்பார். நான் சொல்லவில்லை. உங்கள் மாடியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, கயிற்றிலிருந்து கையை எடுத்தேன். மாடிக் கதவைத் தாண்டி ஒரு திருப்பம் கீழே இறங்கிப் படியில் உட்கார்ந்தேன்.

மாமியை நான் தண்டித்துக்கொண்டிருந்ததாக நினைப்பு. கயிற்றில் தொங்கியது சகாயம்.

பத்து நிமிஷம் இருக்கும். அந்தப் பத்து நிமிஷமும் மனசுக்குள் மாமியிடம் பேசிக்கொண்டிருந்தேன். நல்ல நல்ல பதில்களெல்லாம் தோன்றின. சகாயத்தின் ஞாபகம் ஒரு தடவைகூட வரவில்லை. திரும்ப மேலே போனதற்கும் பெரிய காரணம் கிடையாது. தண்ணீர் பாட்டிலை மாடியில் விட்டிருந்தேன், தாகமாக இருந்தது.

காபி

மேலே போனபோது கயிறு சாக்கின் மேல் இல்லை. இரண்டடி தள்ளி, கைப்பிடிச் சுவரின் வெறும் கிரானைட் விளிம்பில் கிடந்தது. புதுசாகப் போட்ட கிரானைட். வெட்டிய ஓரத்தை யாரும் தேய்த்திருக்கவில்லை.

என்ன நடந்தது என்றால், நான்காவது மாடிக்குக் கீழே ஒரு காங்கிரீட் பட்டை உண்டு. சகாயம் இறங்குகிற வழியில் அதில் கால் ஊன்றி நின்று வைப்பரில் ரப்பர் மாற்றியிருக்கிறான். அந்த நேரம் கயிறு தொய்ந்து கிடந்திருக்கிறது. காற்றில் புடவை பறந்து கயிற்றில் படப் பார்த்திருக்கிறது. மாமி கழியால் கயிற்றைத் தள்ளிவிட்டார். கயிறு தொளதொளவென்று இருந்தது, பக்கத்தில் யாரும் இல்லை, அதனால் அதில் ஆள் இல்லை என்று நினைத்தாராம். நான் அங்கே நின்றிருந்தால் அவர் அப்படி நினைத்திருக்க மாட்டார்.

பிறகு சகாயம் பட்டையை விட்டு இறங்கி, மூன்றாவது மாடிக் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் எட்டி எட்டித் துடைத்திருக்கிறான். அவன் எட்டும்போதெல்லாம் கயிறு கிரானைட்டில் இழுபட்டிருக்கிறது. மூன்று புரிக் கயிறு அது. ஒரு புரி முழுசாக அறுந்து நார் நாராக விரிந்திருந்தது. இரண்டாவதில் பாதி இல்லை.

எட்டிப் பார்த்தேன். சகாயத்துக்கு முப்பதடி கீழே சிமென்ட் தரை, வரிசையாக நிறுத்திய வண்டிகள். சகாயம் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி சோப்புப் போட்டுக்கொண்டிருந்தான்.

தோளில் கிடந்த துண்டை முறுக்கி, அறுந்த இடத்தைச் சேர்த்து இறுக்கிக் கட்டினேன். சாக்கை இழுத்து எவ்வளவு உள்ளே போகுமோ அவ்வளவு திணித்தேன். ஆள் எடை இருக்கும்போது கயிற்றைத் தூக்கிச் சாக்கில் வைக்க முடியாது. அவன் ஆடாமல் நேரே தரைக்கு இறங்க வேண்டும். உண்மையைச் சொன்னால் பதறுவான், பதறினால் ஆடுவான்.

"மாப்பிள்ளை, போதும், நேரா கீழ இறங்கு. டீ சாப்பிடலாம்" என்றேன். காற்றை மீறிக் கேட்கவும் வேண்டும், பதற்றம் தெரியவும் கூடாது.

"இப்பதானே மச்சான் ஆரம்பிச்சோம். இந்த மாடிய முடிச்சிட்டு வரேன்."

"அப்புறம் முடிக்கலாம். வா."

"உங்களுக்கு எப்பப் பாரு டீதான். இருங்க." வைப்பரை எடுத்துக்கொண்டு இடது பக்கம் எட்டினான். கயிறு கிரானைட்டில் கிர்ரென்றது. துண்டுக்கு அடியில் இன்னும் நாலு இழை போனதை என் விரல் உணர்ந்தது.

அப்போதுதான் மாமி என் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தேன். கயிற்றைப் பார்த்துவிட்டார். முகம் வெளுத்துப் போயிருந்தது. கழியைக் கீழே போட்டார். என் கைக்குப் பக்கத்தில் தன் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார்.

"அவர் பேரென்ன?" என்று மெதுவாகக் கேட்டார். சொன்னேன்.

"சகாயம்! ஃபில்டர் காபி கலந்து கீழ செக்யூரிட்டிகிட்ட குடுத்தாச்சு. ஆறிப் போயிடும். மொதல்ல வந்து குடிச்சுட்டுப் போங்கோ."

இவ்வளவு நிதானமாக ஒருவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. குரல் துளி நடுங்கவில்லை. அவர் கை என் முழங்கையில் பட்டுக்கொண்டிருந்தது.

"இதோ வந்துட்டேங்க மாமி" என்றான் சகாயம். நான் கூப்பிட்டதற்கு வராதவன், பெரிய மனுஷி கூப்பிட்டதும் வைப்பரைப் பக்கெட்டில் போட்டான். பிடியைத் தளர்த்தினான். நேரே இறங்கினான்.

ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. நாங்கள் இரண்டு பேர் பிடித்தது ஓர் ஆள் எடையைத் தாங்குமா என்றால் தாங்காது. இருந்தாலும் பிடித்துக்கொண்டிருந்தோம். கயிறு சட்டென்று லேசானது. அறுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். எட்டிப் பார்த்தால் சகாயம் தரையில் நின்று செக்யூரிட்டியிடம் காபி எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். மாமி, "ரங்கா, ரங்கா" என்று சொல்லிக்கொண்டு கைப்பிடிச் சுவரில் சாய்ந்தார்.

யார் தப்பு

விஷயம் தெரிந்து செக்ரட்டரி மேலே ஓடி வந்தார். சகாயமும் வந்தான். கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

"யாரு கயித்த நகர்த்துனது?" என்று செக்ரட்டரி கத்தினார்.

"நான்தான். மடிப் புடவையில படறதுன்னு தள்ளிட்டேன். என் தப்பு" என்றார் மாமி.

"சரி, மேல நிக்கிற ஆளு என்ன பண்ணிட்டிருந்தாரு? அவரு எங்க போனாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமி என்னை ஒரு தடவை பார்த்தார்.

"அவர் இங்கதான் இருந்தார். அந்தப் பக்கம் திரும்பியிருந்தப்ப நான் தள்ளிட்டேன். அவர் பார்க்கலை. அவர்தான் உடனே பார்த்துக் கூப்பிட்டார்."

நான் மறுக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. வாயைத் திறக்காமல் நின்றேன், அது அப்படியே உண்மையாகிவிட்டது.

சகாயம் என் கையைப் பிடித்து, "நீங்க மட்டும் இல்லைன்னா மச்சான்..." என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அந்தக் கையை உதறிவிட்டு ஓட வேண்டும்போல் இருந்தது.

அதற்குப் பிறகு அந்தக் கதை எங்கள் வீட்டுக் கல்யாணம், கருமாதி எல்லாவற்றிலும் வந்தது. ஸ்டெல்லா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். "புடவை முக்கியம்னு அந்தம்மா கயித்தத் தள்ளிவிட்டுச்சுங்க. எங்கண்ணன் மட்டும் அங்க இல்லைன்னா நான் இன்னிக்கு யாரு?" நான் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். என் சோற்றில் இன்னொரு கரண்டி கறி விழும்.

அதிலிருந்து இரண்டு கயிறு இல்லாமல் நாங்கள் ஒரு மாடிகூட இறங்கியதில்லை. இரண்டு தூண், இரண்டு சாக்கு. அதை ஒரு பரிகாரம்போல நினைத்துக்கொண்டேன். ஆனால் உடம்பில் ஓர் அசதி ஏறிக்கொண்டது, தூங்கினால் போகாத அசதி. கயிற்றில் கை வைக்கும்போதெல்லாம் அது கூடும்.

மாமியின் கேள்வி

போன மாசம் அதே ஃபிளாட்டில் மறுபடி வேலை வந்தது. மாடியில் மாமி. கொஞ்சம் தளர்ந்திருந்தார். சகாயம் இறங்கியதும் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"அவர்கிட்ட சொல்லிட்டேளா?"

எதை என்று நான் கேட்கவில்லை. "இல்லீங்க மாமி" என்றேன்.

"அன்னிக்கு அந்தப் புடவையைத் திரும்ப நனைச்சு ஈரமடியோட சமைச்சேன். அது ஒண்ணும் பெரிசில்லை. ஸ்ராத்தத்துக்கு முதல் நாள் ஒரு மனுஷர்கிட்ட பொய் சொன்னேனே, அதுதான் அறுக்கறது. உங்களைத் தள்ளி நிக்கச் சொன்னது நான். மேல ஆள் இல்லைன்னு சொன்னா உங்க பொழப்பு போயிடும்னு தோணித்து. ஆனா தொங்கினது அவராச்சே. அவருக்குத் தெரிய வேண்டாமா?"

"சொல்றேங்க."

"எனக்கும் சேர்த்துச் சொல்லிடுங்கோ."

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பாலக்கரையில் சகாயம் வீட்டுக்குப் போனேன். ஸ்டெல்லா இட்லி வைத்தாள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மாமி தள்ளி நிற்கச் சொன்னது, எனக்குக் கோபம் வந்தது, படியில் போய் உட்கார்ந்தது. அங்கே உட்கார்ந்து அவனை ஒரு தடவைகூட நினைக்காததையும் சொன்னேன்.

சகாயம் குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"எவ்வளவு நேரம் மச்சான்?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

"சரி" என்றான். எழுந்து கை கழுவப் போனான்.

ஸ்டெல்லாதான், "அந்தம்மாவ எத்தன தடவ திட்டியிருப்பேண்ணே" என்றாள்.

அவன் என்னை அடித்திருக்கலாம். வீட்டுப் பக்கம் வராதீங்க என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. செவ்வாய்க்கிழமை தில்லைநகரில் எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. எப்போதும்போல வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு போனான். வழியில் பெட்ரோல் போட்டான், வெயில் அதிகம் என்றான். இறங்கியதும் நான் கயிற்றுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியைப் பார்த்து நடந்தேன். அவன் பின்னாலேயே வந்து பையை மெதுவாக வாங்கிக்கொண்டான்.

"உங்களுக்குத்தான் முட்டி வலிக்குதுல்ல மச்சான். எதுக்கு அத்தனை படி ஏறிக்கிட்டு? நீங்க கீழயே நில்லுங்க, ஆளுங்க வராம பாத்துக்குங்க. பழனி மேல நிக்கட்டும்."

பழனி மண்ணச்சநல்லூர்க்காரர், எங்களோடு சேர்ந்து ஆறு மாசம்தான் ஆகிறது. சகாயத்தின் குரலில் கோபம் இல்லை, மரியாதை துளிகூடக் குறையவில்லை. என் முட்டி வலிக்கிறது என்பதும் நிஜம்தான். சரி மாப்பிள்ளை என்றேன்.

ரோட்டோரம் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாவது மாடியில் சகாயத்தின் கால் வெளியே வந்தது. பலகையில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் உடனே இறங்கவில்லை. தலையை நிமிர்த்தி மேலே பழனி நிற்கிறாரா என்று பார்த்தான். இரண்டு முழம் இறங்கினான். மறுபடியும் நின்று மேலே பார்த்தான். நான் மேலே நின்ற இத்தனை வருஷத்தில் அவன் ஒரு நாள்கூட அப்படிப் பார்த்ததில்லை.